எக்குவடோர் ஸ்பானிஷ்

"பாஷை படிக்கிறவை வகுப்புக்குப் போவினம். வீட்டை விட்டுப் போற ஆளை இப்பதான் பாக்கிறன்," என்றான் கணவன் பஸ்ரியன்.

எமில்டா சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் பூட்டு மசிந்தது.

"இதுக்குப் பேர் இமேர்ஷன். பாஷைக்குள்ள அப்பிடியே முழுகிறது."

"முழுகிறதுக்கு எங்கட பாத்ரூம் காணாதோ?"

எல்லாம் நேர்முகத்தில் சொன்ன ஒரு சொல்லால் வந்தது. மன்னாரில் கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சராக இருந்தவள் எமில்டா. டொரொன்டோவுக்கு வந்தபின் டோனற் கடையில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை செய்யும் யோகராணி ஒருநாள் கோப்பி வாங்க வந்தாள்.

"எமில்டா அக்கா, எங்கட ஸ்கூலில தென்னமெரிக்காப் பிள்ளையள் கொஞ்சம் இருக்குதுகள். அதுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்க ஸ்பானிஷ் தெரிஞ்ச ஆள் தேடினம். உங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் இருக்கினமோ?"

எமில்டாவுக்குத் தெரிந்த ஆள் எமில்டாதான். அதிபர் மிஸிஸ் கார்ட்டர் "ஸ்பானிஷ் பேசுவீர்களா?" என்று கேட்டபோது, "ஓஃப் கோர்ஸ்!" என்றாள். மிஸிஸ் கார்ட்டருக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாததால் மேற்கொண்டு கேள்வி இல்லை. செப்ரெம்பரில் வேலை தொடக்கம். அப்போது ஜூன் மாதக் கடைசி.

"பொய்யெல்லே சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய்!" என்று பஸ்ரியன் தலையில் கைவைத்தான்.

"பொய்யில்லை. செப்ரெம்பரில உண்மையாகப் போற விஷயத்தை ஜூனில சொன்னனான். அவ்வளவுதான்."

முதலில் நூலகத்தில் ஸ்பானிஷ் கசற் எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு மனிதன் ரயில் நிலையம் எங்கே, ரயில் நிலையம் எங்கே என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "உவனுக்கு ஸ்ரேசன் காட்டவோ நான் படிக்கிறன்?" என்று அதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் ஸ்ரேசனில்தான் விடை கிடைத்தது. கெனடி சப்வேயில் இறங்கியபோது, இடுப்புவரை பின்னல் போட்ட ஓர் ஆண் மூங்கில் குழல்களை வரிசையாகக் கட்டிய வாத்தியம் ஒன்றை ஊதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய மனைவி பெரிய தோல் மேளம் ஒன்றை அடித்தபடி பாடினாள். எமில்டாவின் சங்கீதக் காது விறைத்து நின்றது. அசல் சுத்த தன்யாசி ராகம்!

"எந்த நாடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எக்குவடோர்."

எக்குவடோரில் ஸ்பானிஷ் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். எமில்டா அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

"எனக்கு உங்கள் பாஷையும் உங்கள் பாட்டும் படிக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஓர் அறை தருவீர்களா?"

செகுந்தோ என்ற அந்த மனிதன் மனைவி சோய்லாவைப் பார்த்தான். சோய்லாவின் கண்கள் கலங்கிவிட்டன.

"எங்கள் பாஷையா? இந்த ஊரில் அதை யாருமே கேட்டதில்லையே!"

"நான் கேட்கிறேன்," என்றாள் எமில்டா.

அப்படித்தான் அவள் சூட்கேஸோடு சென் கிளயர் வீதிப் பக்கத்திலிருந்த அவர்களுடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஆங்கிலத்துக்குத் தடை என்று அவளே சட்டம் போட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் 'யாக்கு' என்று கேட்கவேண்டும். இல்லாவிட்டால் தாகத்தோடு இருக்கவேண்டும். இரண்டே நாளில் தண்ணீர் கேட்டாள். இரண்டு கிழமையில் சண்டையே பிடித்தாள்.

"இஞ்ச பாருங்கோ, ஸ்பானிஷ் அசல் தமிழ் மாதிரித்தான்," என்று பஸ்ரியனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "'வாசி' எண்டால் வீடு. 'வாசிமன்' எண்டால் வீட்டுக்கு. 'வாசிபி' எண்டால் வீட்டில. வினைச்சொல் கடைசியிலதான் வருது!"

"அப்ப ஸ்பெயின்காரர் எங்கட ஆக்களோ?"

"அது ஆராயவேண்டிய விஷயம்."

"அதை ஆராய முதல் பருப்புக்கு எப்ப உப்புப் போடுறதெண்டு சொல்லு. மூண்டு நாளாப் பாணும் சம்பலும்தான்."

ஜூலைக் கடைசியில் பஸ்ரியனுக்கு இன்னொரு அழைப்பு வந்தது. அவர்களுடைய கட்டடத்திலேயே இருக்கும் கஸ்பர் அண்ணை.

"தம்பி பஸ்ரியன், வீட்டில ஏதும் கஷ்டமோ?"

"இல்லையே அண்ணை. ஏன்?"

"இல்லை... உம்மட மிஸிஸ் தொப்பியும் போட்டுக்கொண்டு கெனடி ஸ்ரேசனில மேளம் அடிக்கிறா. மனசு கேக்கேல்லை, அஞ்சு டொலர் போட்டிட்டு வந்தனான்."

பஸ்ரியன் அடித்துப் பிடித்து ஸ்ரேசனுக்கு ஓடினான். எமில்டா சோய்லாவின் அருகில் நின்று, சோளம் விதைக்கிற பாட்டு ஒன்றைக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து போகிற சனம் நின்று கேட்டது. அவளை இவ்வளவு சந்தோஷமாக அவன் கனடாவில் கண்டதில்லை. ஏச வந்தவன், பாட்டு முடிந்ததும் தன்னை அறியாமல் கைதட்டினான்.

"வடிவாத்தான் பாடுறாய்," என்றான். "ஆனால் கஸ்பர் அண்ணை கட்டடம் முழுக்கச் சொல்லிப்போட்டார்."

"சொல்லட்டும். அடுத்த கிழமை எல்லாரையும் வரச்சொல்லுங்கோ."

ஓகஸ்ட் நடுப்பகுதியில், தன் முன்னேற்றத்தை அளந்து பார்க்க அந்தக் கசற்றை மறுபடி போட்டாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. நேரே நூலகத்துக்குப் போய் அதை மேசையில் வைத்தாள்.

"இந்தக் கசற்றில் இருக்கிற ஸ்பானிஷ் பிழை. பிள்ளைகள் கேட்டுப் பழுதாகிப் போவார்கள்."

அந்த நூலகப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கசற்றை உள்ளே எடுத்துப் போனாள். எமில்டாவின் நம்பிக்கை இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

அந்த உற்சாகத்தில், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு ஸ்பானிஷ் பூசைக்குப் போனாள். சாமியார் ஸ்பெயினிலிருந்து வந்தவர். பூசை முடிந்து வாசலில் நின்ற அவரிடம் நலம் விசாரித்தாள், பிரசங்கத்தைப் பாராட்டினாள், மழை வரும்போல் இருக்கிறது என்றாள். சாமியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்:

"அம்மா, நீங்கள் பேசுவது என்ன மொழி?"

"ஸ்பானிஷ், ஃபாதர்."

"நான் மட்ரிட்டில் பிறந்தவன், அம்மா."

"அதுதான் காரணம்," என்று எமில்டா அவரை ஆறுதல்படுத்தினாள். "உங்களுக்கு எக்குவடோர் ஸ்பானிஷ் விளங்காது."

ஆனால் அவரைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் எக்குவடோர்காரர். அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வீடு திரும்பும்போது, முதன்முதலாக அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"செகுந்தோ, நாங்கள் பேசுவது ஸ்பானிஷ்தானே?"

செகுந்தோ விழுந்து விழுந்து சிரித்தான். "ஸ்பானிஷா? அது கடைத்தெருவில் பேசுகிறது. நீ எங்கள் பாஷை அல்லவா கேட்டாய்? இது கிச்சுவா. எங்கள் மலைகளில் ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே பேசுகிற பாஷை. நீ பிசகில்லாமல் பேசுகிறாய்!"

சோய்லா பெருமையோடு அவளுடைய தலையைத் தடவினாள்.

எமில்டா சூட்கேஸோடு டோர்செட் பார்க்கிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள். பஸ்ரியன் சிரிக்கவில்லை. பாணும் சம்பலும் எடுத்து வைத்தான்.

"காய்ச்சல் எண்டு சொல்லுவமோ?"

"எவ்வளவு நாளைக்குக் காய்ச்சல் காயிறது? நேர போய் உண்மையைச் சொல்லப்போறன். ரீச்சராப் போறவள் பொய்யோட வகுப்புக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது."

இரவல் வாங்கிய கசற்றோடு இரண்டு இரவில் ஸ்பானிஷ் படிக்கலாமா என்றும் யோசித்தாள். அதைத்தான் பிழையென்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாயிற்றே.

முதல் நாள் காலை மிஸிஸ் கார்ட்டர் வாசலிலேயே காத்திருந்தார்.

"மேடம், ஒரு முக்கியமான விஷயம். என்னுடைய ஸ்பானிஷ்—"

"நேரமில்லை, எமில்டா! பிள்ளைகள் வந்துவிட்டார்கள்."

"இல்லை மேடம், நான் சொல்லவருவது—"

"பதற்றம் எல்லாருக்கும் வரும். உள்ளே போங்கள்!" மிஸிஸ் கார்ட்டர் அவளை வகுப்புக்குள் மெல்லத் தள்ளி, கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கன்னம் சிவந்த சின்னப் பிள்ளைகள் எட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள். எமில்டாவிடம் இருந்தது ஒரேயொரு பாட்டு. எப்படியும் இன்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாடிவிட்டாவது போவோம் என்று எண்ணினாள். மேசையில் தாளம் போட்டு, கண்ணை மூடி, சோளம் விதைக்கிற பாட்டை அடித் தொண்டையிலிருந்து எடுத்தாள்.

முதல் அடி முடிவதற்குள் ஒரு சிறுமி ஓவென்று அழத் தொடங்கினாள். அடுத்த அடிக்கு ஒரு கதிரை விழுந்தது. கண்ணைத் திறந்தால், எட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு அவளை நோக்கிப் பாய்ந்து வந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், ஒருத்தி காலைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கூச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மிஸிஸ் கார்ட்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நடைபாதையில் ஓடுவது தெரிந்தது.

சரி, முடிந்தது. எமில்டா ஒரு கையால் அழுகிற சிறுமியை அணைத்துக்கொண்டு, மறு கையால் தன் கைப்பையைத் தேடினாள்.

கதவு படாரென்று திறந்தது. யோகராணி மூச்சு வாங்க நின்றாள்.

"எமில்டா அக்கா, என்ன மந்திரம் போட்டனீங்கள்? போன வருசம் ரெண்டு ஸ்பானிஷ் ரீச்சர்மார் தொண்டை கிழியக் கத்தியும் வாய் திறக்காத பிள்ளையளெண்டு, எட்டுப் பேரையும் காது டொக்ரரிட்ட அனுப்ப மிஸிஸ் கார்ட்டர் பஸ்ஸெல்லே பிடிச்சு வைச்சிருக்கிறா!"