பச்சைக் கோழி பறந்த நாள்

"நல்ல புத்தகம் குழந்தையின் மனக்கதவைத் திறக்கும்" என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. திறக்கும், மறுக்கவில்லை. ஆனால் மனக்கதவோடு நிறுத்திக்கொள்ளும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருந்த என் அக்கா வீட்டுக்காரர் முன்னால் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரத்துப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, சேலத்துக்குப் போய் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். (ஒற்றைக்காலில் நிற்பது எனக்குச் சுலபம். இரண்டு காலையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் முடியாத காரியம்.) நடந்துகொண்டே சாப்பிடுவேன், நடந்துகொண்டே படிப்பேன், தலை பின்ன உட்கார்ந்தால் பாதிப் பின்னலில் எழுந்து ஓடுவேன். அப்பாவுக்கு இதுதான் உறுத்தல்.

"ஒரு வாய் சோத்துக்கு மூணு தரம் எந்திரிக்கறே. நீ எப்படி அம்மிணி ஒரு வகுப்புப் புள்ளைகள உக்கார வெப்பே?" என்றார்.

"வெச்சுக் காட்டறனுங்க" என்றேன், நின்றுகொண்டே.

அக்காவின் மகள் கவிக்கு நான்கு வயது. அவளுக்கு ஓர் எழுத்துகூட ஏறவில்லை. சிலேட்டை எடுத்தாலே தீவன மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அப்பா யோசித்து ஒரு முடிவு சொன்னார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நான் அக்கா வீட்டில் தங்கிக் கவிக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அக்கா வீட்டுக்காரர் பார்த்துச் சரி என்றால் எனக்குப் பயிற்சி. இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம். எனக்குப் பார்த்திருந்த பையனின் ஜாதகம் ஏற்கெனவே சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் பேசுவதே அபூர்வம். பேசினாலும் காதோடு காதாகத்தான் பேசுவார். குணத்தால் அல்ல, கோழியால். அந்த வெள்ளைக் கோழிகள் அப்படியொரு பயந்தாங்கொள்ளிகள். ஒரு தட்டு கீழே விழுந்தால் கொட்டகை முழுவதும் படபடவென்று அடித்துக்கொள்ளும், மறுநாள் முட்டை குறைந்துவிடும். அதனால் பண்ணையில் யாரும் சத்தம் போடக்கூடாது என்பது சட்டம். அக்காவும் மாமாவும் சண்டை போடுவதுகூடக் குசுகுசுப்பாகத்தான். வெளியாள் பார்த்தால் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று நினைப்பான்.

இந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். என் நேரம்.

முதலில் நாமக்கல் பஸ் நிலையத்துக் கடையில் ஓர் அகரவரிசைப் புத்தகம் வாங்கினேன். 'அ' அணில், 'ஆ' ஆடு. கவி ஆட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே கட்டியிருந்த நிஜ ஆட்டிடம் போய்விட்டாள். போனவள் புத்தகத்தையும் கொண்டுபோயிருந்தாள். ஆடு 'ஊ' வரைக்கும் தின்றுவிட்டது.

இரண்டாவதாகச் சேலத்தில் ஒரு வழவழப்பான புத்தகம் வாங்கினேன். வெளிநாட்டுப் படங்கள், பனியில் விளையாடும் குழந்தைகள்.

"இதென்னுங்க சித்தி, பஞ்சு மில்லா?"

"பனி, சாமி."

"பனி ஏன் இப்பிடிப் பஞ்சாக் கெடக்குது?"

எனக்கும் விளக்கத் தெரியவில்லை. (அன்றுவரை நான் கண்ட பனி, மார்கழியில் மூக்கில் ஒழுகிய பனி மட்டும்தான்.)

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. குழந்தை தினமும் பார்க்கிற பொருள் படத்தில் இருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரே ஒரு சொல் இருக்க வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். இந்தக் கொள்கையோடு மறுபடி சேலம் போய், கடைக்காரர் பெருமூச்சு விடும் வரை அலமாரியைக் கிளறி எடுத்தேன் மூன்றாவது புத்தகத்தை. ஒரு கூண்டு. உள்ளே ஒரு கிளி. ஒரு சிறுமி முக்காலி போட்டு ஏறிக் கூண்டைத் திறக்கிறாள். கிளி பறக்கிறது. எல்லாரும் கை தட்டுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் கிளி தானாகத் திரும்பி வருகிறது. முடிந்தது கதை.

கவி முதல் படத்தைப் பார்த்ததுமே, "ஐ, பச்சக் கோழி!" என்றாள்.

அங்கே நான் திருத்தியிருக்க வேண்டும். ஒரு நல்ல ஆசிரியை திருத்தியிருப்பாள். நானோ குழந்தை ஆர்வமாகிவிட்டதே என்ற பூரிப்பில், "ஆமா சாமி, பச்சக் கோழியேதான்" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு அவள் அந்தப் புத்தகத்தை விடவில்லை. என்னால் உட்கார முடியாதல்லவா? அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே படித்தேன், குசுகுசுவென்று. அவள் எழுத்தில் விரல் வைத்து, என்னைப்போலவே குசுகுசுவென்று திருப்பிச் சொன்னாள். கூண்டு. கிளி. திற. பற. மே மாத வெயிலில் எனக்கு இடுப்பு ஒடிந்தது, அவளுக்கு எழுத்து ஏறியது. சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதுபோல் இரவெல்லாம் கனவு. (கனவில் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.)

தீர்ப்பு நாள் வந்தது. காலையிலேயே கவிக்குத் தலை வாரி, "இன்னிக்கு அப்பச்சி வாராரு. நீ படிச்சதையெல்லாம் செஞ்சு காட்டோணும், என்ன?" என்றேன். அம்மாவின் அப்பா எங்கள் பக்கத்தில் அப்பச்சி. சொல்லிக்காட்டு என்று சொல்லியிருக்கலாம். படித்துக்காட்டு என்று சொல்லியிருக்கலாம். பரபரப்பில் வாயில் வந்தது செய்து காட்டு என்பதுதான்.

நான் வாசலுக்கும் வண்டித் தடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ் இறங்கி வந்த அப்பா கடலைக்காட்டுப் பக்கம் பார்த்து நின்றார்.

"ஏம் புள்ளே, இந்த வெயில்ல இத்தன கொக்கு எறங்கிருக்குது?"

கொக்கு இல்லை.

கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட தீவன வாளி. அதன்மேல் கவி. புத்தகத்துச் சிறுமி முக்காலியில் நின்ற அதே கோலம். கோழிக்கு நோய் வராமல் இருக்க வாசலில் வைத்திருந்த மருந்துத் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் கதவைத் தொட்டிருக்கிறாள். பண்ணை ஒழுக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

"பற... பற..." என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

பிறந்ததிலிருந்து வெளியுலகைப் பார்க்காத கோழிகள் முதலில் சும்மாதான் நின்றன. பிறகு ஏதோ ஒன்று துணிந்து ஓட, மொத்தமும் கிளம்பிவிட்டது. கடலைக்காட்டில் கோழி, கூரைமேல் கோழி, முருங்கை மரத்தில் கோழி. ஒன்று அப்பாவின் தோள் துண்டில் உட்கார்ந்து இறங்க மறுத்தது.

மாமா ஓடிவந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆவணி மாதம் கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தார். சத்தம் போட்டால் எஞ்சியிருக்கும் முட்டையும் போய்விடும் என்பது அந்த நிலையிலும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதனால் உலகத்திலேயே யாரும் கேட்டிராத விதத்தில், ரகசியமாகக் கத்தினார்.

"ஆரு... தொறந்தது..."

"நாந்தானுங்கப்பா" என்றாள் கவி, அதே ரகசியத்தில். "எல்லாரும் கை தட்டுங்க."

யாரும் தட்டவில்லை. பகல் முழுக்க நாங்கள் எல்லோரும், பண்ணையாட்களும் சேர்ந்து, ஊமைகளைப்போல ஓடிப் பிடித்தோம். ஒரு கோழியைப் பிடித்து உள்ளே விடுவதற்குள் இரண்டு வெளியே வந்தன. ஓடுகிற வேலையில் அன்று என்னை அடிக்க ஆளில்லை. ஆனால் சேலம் போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. கிணற்று மேட்டில் நின்று அழுதேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

"அழாதீங்க சித்தி. பொழுது சாஞ்சா வந்துரும். புஸ்தகத்துல போட்டிருக்குதில்ல?" என்றாள் கவி.

அவள் சொன்னதுதான் நடந்தது. சாயங்காலம் மாமா தீவன வாளியை லேசாகத் தட்டியதும் முருங்கையிலிருந்தும் காட்டிலிருந்தும் இறங்கி வரிசையாக வந்தன. எல்லாமும் அல்ல. சில கோழிகள் அன்று அக்கம்பக்கத்துக் குழம்பில் கலந்துகொண்டதாகக் கேள்வி.

கதவைப் பூட்டிவிட்டு, தலையெல்லாம் இறகோடு மாமா கட்டிலில் உட்கார்ந்தார். கவியை மடியில் வைத்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தார். படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சொல்லைக் காட்டினார். படித்தாள். அடுத்த பக்கம். படித்தாள். பக்கத்தில் கிடந்த தீவனச் சாக்கை இழுத்துப் போட்டார். அதில் 'கிலோ' என்று அச்சடித்திருந்த இடத்தில் விரல் வைத்து, "இது கிளியோட 'கி'ங்கப்பா!" என்றாள்.

"புள்ள படிச்சுப்போட்டாளுங்க மாமா" என்றார் அப்பாவிடம்.

அப்பா துண்டில் இருந்த எச்சத்தைத் துடைத்தபடி, "அது செரீங்க மாப்பிள்ளை. ஆனா இவ ஒரு எடத்துல உக்கார மாட்டீங்கறாளே?" என்றார்.

"வாத்தியாரம்மா எதுக்குங்க உக்காரோணும்? வகுப்புக்குள்ள நடந்துட்டேதான் இருக்கோணும்." குரலை இன்னும் தாழ்த்தினார் மாமா. "நாளைக்கே சேலத்துக்கு அனுப்பி வெச்சுருங்க. இங்கயே இருந்தான்னா அடுத்த புஸ்தகம் வாங்கியாந்துருவா."

சேலம் போனேன். படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். கவி பள்ளியில் சேர்ந்த புதிதில் பாடத்தை எல்லாம் குசுகுசுவென்றே ஒப்பித்ததில், குழந்தைக்குத் தொண்டையில் கோளாறு என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். இப்போது அவளுக்கே பேரன் பிறந்துவிட்டான்.

போன மாதம் அந்தப் பையனுக்கு ஒரு படப் புத்தகம் வாங்கிக்கொண்டு நாமக்கல் போனேன். மாமாவுக்கு வயதாகிவிட்டது, கண்ணும் மங்கல். பண்ணை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஒரு கோழிகூடக் கிடையாது. ஆனாலும் புத்தகத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, எப்போதும் கேட்கிற அதே கேள்வியை அதே ரகசியக் குரலில் கேட்டார்:

"அம்மிணி, இதுல ஆராச்சும் எதையாச்சும் தொறக்கறாங்களா?"