இடப்பக்கத்துப் பெட்டியும் எட்டுத் தறியும்

எனக்குக் கோபம் வந்தால் தமிழ் நன்றாக வரும். மற்ற நாட்களில் ஒரு விடுப்புக் கடிதம் எழுதவே நாலு தாளைக் கிழிப்பவன், கோபத்தில் உட்கார்ந்தால் அடித்தல் திருத்தல் இல்லாமல் இரண்டு பக்கம் எழுதிவிடுவேன். நான் எழுதியவற்றிலேயே ஆகச் சிறந்தது, பக்கத்து வீட்டு ரஹீமா அக்காவின் எட்டு விசைத்தறிகளை நிறுத்தச் சொல்லி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்த மனு. அதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். அக்கா மேல் கோபம் இல்லை. எழுதியவன் மேல்.

நாலு வருஷத்துக்கு முன்பு நடந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்சார்ஜ். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர். (பெயர் வைத்தவன் நான்தான்.) குடியிருந்தது மங்கலத்தில். எங்கள் ஹாலின் இடப்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் அக்காவின் தறிக்குடோன். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கினோம், சாப்பிட்டோம், சண்டை போட்டோம். ஒருநாளும் அது எனக்கு உறைத்ததில்லை, பாட்டுப் பைத்தியம் பிடிக்கும்வரை.

பைத்தியம் முற்றி ஆம்பிளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு என்று வாங்கிச் சேர்த்து, கடைசியில் 'டேக்' என்ற பெட்டியில் வந்து நின்றேன். போனில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஸ்பீக்கருக்குப் புரியும் மின்சாரமாக மாற்றித் தருவது அதன் வேலை. ஏற்கெனவே தீப்பெட்டி சைஸில் ஒன்று இருந்தது. அது போதாது என்று இணையத்தில் முகம் தெரியாத பத்துப் பேர் சொன்னதை நம்பி, செங்கல் கனத்தில் இன்னொன்று வாங்கினேன். மாட்டியவுடன் பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது என்று என் மனைவி கோகிலாவிடம் கூவினேன். "சத்தம் கொஞ்சம் சாஸ்தியா வருதுங்க, அவ்வளவுதான்" என்றாள். (அன்றைக்கே அந்த வாயில் சர்க்கரை போட்டிருக்க வேண்டும். முறைத்தேன்.)

ஒரே ஒரு குறை. இடப்பக்கத்து ஸ்பீக்கரில் தாளத்தின் சிலுசிலுப்பு இல்லை, வயலின் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தது. இடப்பக்கம் என்ன இருக்கிறது? தறிக்குடோன். இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தறிச் சத்தம் என் பாட்டைத் தின்கிறது. பத்து நாள் சுவரை முறைத்தேன். பதினோராவது நாள் மனு எழுதினேன். 'செவிப்புலனைச் சிதைக்கும் பேரிரைச்சல்' என்று ஆரம்பித்து, 'குடும்ப அமைதி குலைந்து' என்று நீட்டி, தறிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று முடித்து, வெள்ளிக்கிழமை கொடுத்தும்விட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எட்டுத் தறியை வைத்துத்தான் அக்கா இரண்டு பெண்களைக் காலேஜில் படிக்கவைத்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன்.

மறுநாள் ஆபீசில் அந்தோணி மாட்டினான். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், தென்காசிப் பக்கத்துக்காரன், என்னைப் போலவே பாட்டுப் பைத்தியம். புது டேக்கின் பெருமையை நான் அளந்துகொண்டே போக, அவன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, பழசு புதுசு ரெண்டுக்கும் சத்தத்த ஒரே அளவுல வச்சு, கண்ணக் கட்டிக்கிட்டுக் கேளுங்க. ஒரு வித்தியாசமும் தெரியாது." எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை வா, கேட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அவன் வந்தான். அவசர ஆர்டராம், அன்றைக்கும் தறி ஓடியது. இத்தனை இரைச்சலில் என்னால் எப்படிக் கேட்க முடியும்? நேரே குடோன் வாசலுக்குப் போய், இந்தத் தெருவில் மனுஷன் குடியிருக்க வேண்டாமா என்று கத்தினேன். காது ஓட்டையா, நெஞ்சில் ஈரம் இல்லையா என்றெல்லாம்கூடக் கேட்டேன். தறிச் சத்தத்தில் பாதி அக்காவுக்குக் கேட்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் இன்னொரு தடவை கத்தினேன்.

அக்கா ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டு, தலைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். "ஏந்தம்பி, பாட்டுக் கேக்கோணும்னா சொல்லுங்க, ஒரு மணி நேரம் நிறுத்திக்கிறேன். அதுக்கு ஏன் இப்படி வேர்க்குறீங்க?" என்றார். கோகிலா அவரைக் கைப்பிடித்து ஹாலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

அந்தோணி போனில் சத்தத்தை அளந்து, இரண்டு டேக்கும் ஒரே அளவில் பாடும்படி வைத்தான். கோகிலாவின் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டினான். பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போட்டான். "இது புதுசு, பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது" என்றேன். "இது பழசு, தகரத்தில் கல் போட்ட மாதிரி" என்றேன். கட்டை அவிழ்த்ததும் அவன் எழுதி வைத்த தாளைக் காட்டினான். நாலுதான் சரி. மூச்சிழுத்தது தீப்பெட்டியில். தகரம் என்றது செங்கலை.

தோற்றவன் வாயை மூடியிருக்கலாம். நான் மூடவில்லை. துப்பட்டாவில் காது பாதி மறைந்துவிட்டது என்றேன். அந்தோணி சரியாக மாற்றவில்லை என்றேன். கடைசியில் சுவரைக் காட்டி, வருஷக்கணக்கில் அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் என் காதே கெட்டுப்போயிற்று, அதனால்தான் மனு கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஹாலில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன மனு?" என்று கோகிலா கேட்டாள். சொன்னேன். எப்போதும் 'ங்க' போடாமல் பேசாதவள், "மனுசனா நீ?" என்றாள்.

அக்கா எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ இடப்பக்கத்து ஸ்பீக்கருக்கு முன்னால் குனிந்து காதை வைத்தார். பிறகு வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம்.

"தம்பி, என்ற தறியில ஒரு இழை அறுந்தா சத்தத்துலயே தெரிஞ்சுக்குவேன். இந்தப் பொட்டில மேல இருக்கற சின்ன வட்டம் பேசவே இல்லீங்க. இப்பத் தறி எதுவும் ஓடலயே" என்றார்.

அந்தோணி ஸ்பீக்கரைத் திருப்பினான். பின்னால் நாலு திருகு. கீழ் இரண்டு பெரிய வட்டத்துக்கு, மேல் இரண்டு சின்ன வட்டத்துக்கு. மேல் திருகையும் கீழ்த் திருகையும் இணைக்கச் சின்னப் பித்தளைத் தகடு இருக்க வேண்டும். இல்லை. அது பின்னால் தரையில், தூசிக்குள் கிடந்தது. ஒரு மாதம் முன்பு தனி ஒயர் போடுகிறேன் என்று கழற்றியவன் நான். வேண்டாம் என்று திரும்ப மாட்டியபோது வலப்பக்கத்தை மட்டும் மாட்டியவனும் நான். குவாலிட்டி இன்சார்ஜ்.

தகடு மாட்டியதும் வயலின் கம்பளியை உதறிவிட்டு எழுந்தது. பழைய தீப்பெட்டியிலேயே. அக்கா அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் எட்டுத் தறியும் ஓட ஆரம்பித்தன. நான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட மாதிரியே அவர் காட்டிக்கொள்ளவில்லை. இரைச்சலில் கேட்கவில்லையா, கேட்க விருப்பமில்லையா, இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை மனுவைத் திரும்பப் பெறப் போனேன். காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். கோபம் இல்லாததால் தமிழ் வரவில்லை. மூன்று தாள் கிழித்து, 'என் வீட்டுத் தகடு கழன்றிருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த கிளார்க் அம்மா அதைச் சத்தமாகப் படித்து, யாருக்குக் கழன்றிருந்தது என்று கேட்டார்.

அக்கா மூன்று மாதம் கழித்துத்தான் என்னிடம் பேசினார். நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பியது அதற்கும் முன்பு, ஆனால் கோகிலா பெயருக்கு. அந்தோணி புண்ணியத்தில் கம்பெனி முழுக்கக் கதை பரவிற்று. கட்டிங் டேபிளில் நான் யாரையாவது திட்ட வாயெடுத்தால், பின்னாலிருந்து ஒரு குரல் தகட்டை விசாரிக்கும். வீட்டிலும் அதே கதைதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், நெட் போய்விட்டது என்றாலும், என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "தகடு இருக்குதான்னு பாத்தீங்களா?" என்று கோகிலா கேட்பாள். உறவுக்காரர்கள் எதிரிலும் கேட்பாள். விளக்கமும் சொல்வாள்.

போன வாரம் சாம்பாரில் உப்பே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்தாள். நான் குனிந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தேன். ஆனால் ஒன்று, அன்றைக்கு என் தகடு சரியாகத்தான் இருந்தது. சாம்பாரில் நிஜமாகவே உப்பு இல்லை.