இரவல் கால்

"போன்ல பாதம் மட்டும்தானே தெரியப்போகுது? என் காலை வச்சுக்கோங்க மாமா!"

கேட்காமலே ஓடி வந்து மைத்துனன் இப்படிச் சொன்னதும் டிரைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வலது பாதத்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்தார் அவர். பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. கால்விரலால் துண்டைச் சுருட்டுவதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டார். இன்று அந்த அம்மா வீடியோவில் பாதத்தைப் பார்த்து, பிரேக் மிதிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் திங்கட்கிழமை வண்டி. இல்லாவிட்டால் அவர் பஸ் வேறொருவன் கைக்குப் போய்விடும். பெற்ற பிள்ளைகளைவிட அந்த பஸ்ஸைத்தான் அவர் அதிகம் குளிப்பாட்டியிருக்கிறார்.

மனைவி புருவப் பென்சிலால் தம்பியின் பாதத்தில் தையல் தழும்பு வரைந்தாள். "மாட்டினா என்னை இழுக்காதீங்க" என்று முன்கூட்டியே கழன்றும் கொண்டாள்.

போன் அடித்தது.

"விரலை மடக்குங்க... அடடே, பிரமாதம்! முகத்தையும் காட்டுங்க சார், வலி தெரியுதான்னு பார்க்கணும்."

டிரைவர் அவசர அவசரமாகக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டார். மைத்துனன் அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கி, பாதம் மட்டும் வெளியே தெரியும்படி போர்வைக்கடியில் காலை நீட்டினான். மனைவி போனைத் தள்ளி வைத்தாள்.

"போர்வை எதுக்கு?"

"லேசா காய்ச்சல்ம்மா."

"காய்ச்சலா? தையல் போட்ட இடத்துல சீழ் வச்சிருக்கப் போகுது. தழும்பை அழுத்திக் காட்டுங்க!"

அழுத்தினார். தழும்பு விரலோடு வந்துவிட்டது.

"மருந்தும்மா!" என்று மனைவி பாய்ந்து துடைத்தாள். மிச்சத் தழும்பும் போயிற்று.

"தழும்பு எங்கே?"

"ஆறிடுச்சும்மா."

"அதுக்குள்ளயா? நான் கொடுத்த மருந்து அவ்வளவு நல்லா வேலை செய்யுதா!"

டிரைவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"குதிகாலையும் பார்க்கச் சொல்லுங்க மாமா" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தான் மைத்துனன்.

"சும்மா இருடா!"

"யாரைச் சொல்றீங்க?"

"இந்தக் காலைத்தாம்மா. குதிகால் துறுதுறுன்னு இருக்கு, எப்படா பிரேக் மிதிக்கலாம்னு."

"அப்படியா? குதிகாலை அழுத்துங்க பார்ப்போம்."

இதோடு முடிந்தது என்ற தெம்பில் டிரைவர் பலமாக அழுத்தினார்.

"ஐயோ அம்மா!"

அலறல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. டிரைவர் சற்றுத் தாமதமாக வாயைத் திறந்து வைத்தார்.

போனில் அந்த அம்மாவின் குரல் மாறியிருந்தது. "காலைத் திருப்புங்க. குதிகால் இப்படி வீங்கிக் கிடக்கு, இத்தனை நாள் எப்படி சார் சும்மா இருந்தீங்க? பஸ் பக்கமே போகக் கூடாது. ஒரு மாசம் ரெஸ்ட். ஒத்தடம், பயிற்சி எல்லாம் மெசேஜ்ல அனுப்புறேன்."

திரை இருண்டது. உண்மையைச் சொன்னாலும் பஸ் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. டிரைவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

"கெட்டுப்போன காலை வச்சிக்கிட்டு எதுக்குடா ஓடி வந்தே?"

மைத்துனன் குதிகாலை நீவிவிட்டுக்கொண்டே சொன்னான்:

"அந்த அம்மாகிட்ட அப்பாயின்ட்மென்டே கிடைக்கலை மாமா. மெசேஜ் வந்ததும் எனக்கு அனுப்பிடுங்க."