மூட்டைப்பூச்சி இல்லை, பூஞ்சை

ராங்கியால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. வலப்பக்கம் சாய்ந்தாள், இடப்பக்கம் சாய்ந்தாள், கடைசியில் விளிம்பில் தொற்றிக்கொண்டு, "உங்க புகாரைக் கூச்சப்படாம சொல்லுங்க மேடம்" என்று தொலைபேசியில் யாருக்கோ தைரியம் கொடுத்தாள்.

ராங்கி என்பது அந்த அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் யாருக்கும் வளைந்து கொடுக்காததால் அவளுக்கு வந்த பட்டப்பெயர். அப்பேர்ப்பட்டவளே போன மாதம் மருந்துக்கடையில் கூச்சப்பட்டுவிட்டாள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று. "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று மட்டும் முணுமுணுத்தாள். எங்கே அரிப்பு என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அவர் கொடுத்தது சேற்றுப்புண் களிம்பு. அரிப்போடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. பிறகு டாக்டரம்மா கொடுத்த மாத்திரைக்கும் அது மசியவில்லை.

"என்னடி, முள்ளு மேல உக்காந்த மாதிரி நெளியற?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"மூட்டைப்பூச்சி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள் ராங்கி.

உடனே பக்கத்து இருக்கைக்காரிக்கும் அரித்தது. மத்தியானத்துக்குள் அலுவலகமே சொறிந்துகொண்டிருந்தது. "நாற்காலிய மாத்தினா போதும்" என்று ராங்கி சமாளித்தாள். மாற்றினார்கள். அதிலும் அவள் நெளிய, "ஐயோ, அங்கயும் பரவிடுச்சு!" என்று ஒருத்தி மேசைமேல் ஏறிவிட்டாள்.

மேலாளர் பூச்சிமருந்துக்காரரை வரவழைத்து அறை அறையாகச் சோதிக்கச் சொன்னார்; வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட தன் குஷனில் மட்டும் மருந்து படக்கூடாது என்றார். அதோடு விட்டாரா? கூட்டிப் பெருக்கும் அக்காவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"நீ ஒழுங்கா சுத்தம் பண்ணியிருந்தா இது வருமா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

அக்கா கையிலிருந்த துடைப்பத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

ராங்கிக்குச் சுரீரென்றது. எழுந்தாள்.

"சார், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. மூட்டைப்பூச்சின்னு நான்தான் புளுகினேன்."

"பின்ன எதுக்கும்மா அப்படி நெளிஞ்சீங்க?"

"எனக்குப் பிறப்புறுப்புல பூஞ்சைத் தொற்று."

மேலாளருக்கு வியர்த்துவிட்டது.

"மெதுவாம்மா, மெதுவா. ஆம்பளைங்க இருக்காங்க."

"இருக்கட்டும் சார். ஜலதோஷம்னா ஊருக்கே தும்மிக் காட்டறோம். இதை மட்டும் எதுக்கு மென்னு முழுங்கணும்? எனக்கு வந்தது வழக்கமான மாத்திரைக்கு அடங்காத ரகமாம். இன்னிக்குத்தான் சோதனையில தெரிஞ்சுது, வேற மருந்து எழுதிக் குடுத்திருக்காங்க. கடையில எதுக்குன்னு கேட்டா இதே சத்தத்துல சொல்லித்தான் வாங்கப் போறேன். அக்காவை அனுப்பினீங்கன்னா நானும் கிளம்பறேன்."

"அந்த டாக்டர் நம்பரை எனக்கும் குடுடி" என்று பக்கத்து இருக்கைக்காரி அவள் முந்தானையை இழுத்தாள்.

மேலாளருக்குப் பிடி கிடைத்தது. "அப்போ மூட்டைப்பூச்சியே இல்ல! வேலை மெனக்கெட்டு ஆளை வேற வரவழைச்சாச்சு. இந்தப் பொய்க்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

அவருடைய அறைக் கதவு திறந்தது. பூச்சிமருந்துக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையெட்டும் தூரத்தில் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"இல்லைன்னு யாரு சொன்னது? சார், வீட்டுலேர்ந்து நீங்க கொண்டுவந்து போட்ட குஷன்ல பேரன் பேத்தியோட குடித்தனம் நடத்துதுங்க!"