மாவடு ஜாடியும் மூன்றாவது நம்பரும்

அந்த மாவடு ஜாடியைத் திறக்க வைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன்.

ஜாடி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி என் மனைவி மாரிக்கனியின் இடுப்பில் இருந்தது. என் பிபி நூற்று அறுபதில் இருந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். மாரிக்கனிக்கு அரைகுறை வேலை பிடிக்காது, ஒழித்தே விட்டாள். எங்கள் வீட்டு ரசத்தில் மூக்கை வைத்த ஒரு காக்கா, வாழ்க்கை வெறுத்துச் செண்பகத்தோப்புக் காட்டுக்குத் துறவியாகப் போய்விட்டது. நம்பினால் நம்புங்கள்.

"ஏட்டி, ஒரே ஒரு வடு."

"ஏழு நாள் நூத்தி முப்பதுக்குள்ள வரட்டும். அந்தக் கையிலயே ஜாடியத் தூக்கித் தாரேன்."

"சத்தியமா?"

"ஆண்டாள் மேல சத்தியம்."

ஒரு பிபி மெஷினும் வாங்கி வந்தாள். காலையில் அவள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் நான் கையில் பட்டையைக் கட்டிப் பொத்தானை அமுக்க வேண்டும். மெஷின் நம்பரை ஞாபகம் வைத்திருக்கும். அவள் திரும்பி வந்து பார்த்து நோட்டில் எழுதுவாள்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கிற ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். பிரஷரைப் பற்றி எனக்கா பாடம்? முள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், வேறு நல்ல பாய்லரில் குழாயை மாட்ட வேண்டியதுதான்.

நல்ல பாய்லர் எதிர்வீட்டிலேயே இருந்தது. பெயர் ஆல்வின். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வரை ஓடுவார். பின்னால் வரும் மதுரை பஸ் ஹாரன் அடித்து அடித்துக் களைத்துப் போகும்.

"ஆல்வின், ஓடப் போறதுக்கு முன்னால உம்ம கையக் கொஞ்சம் கடன் கொடும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஒரு வடுவுக்கு."

"மதினிக்குத் தெரிஞ்சா?"

"உமக்கும் ரெண்டு வடு."

நாட்டின் எல்லையைக் காத்த கை உடனே நீண்டது.

நூற்றுப் பன்னிரண்டு, எழுபது. அடடா! கோயில் மணி மாதிரியான பிரஷர். ஏழு நாளும் அப்படித்தான். மாரிக்கனி ஏழு நாளும் மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுதினாள்.

எட்டாம் நாள் தட்டில் தயிர்ச்சோற்றோடு உட்கார்ந்தேன். ஆல்வினும் எதேச்சையாக வருவதுபோல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாரிக்கனி வந்தாள். கையில் ஜாடி இல்லை, போன் இருந்தது.

"ஏங்க, சட்டையப் போடுங்க. ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லிருக்கேன்."

"எதுக்குட்டி? பிரஷர்தான் இறங்கிருச்சே!"

"கீழ மூணாவதா ஒரு நம்பர் இருக்கே, அதப் பார்த்தியளா? நாடி. ஏழு நாளும் அம்பது! இந்த வயசுல இம்புட்டு மெதுவா அடிச்சா, நெஞ்சக் கீறி உள்ள ஒரு மெஷின் வைக்கணுமாம். மக சென்னையில இருந்து அழுதுக்கிட்டே கிளம்பிட்டா."

மூன்றாவது நம்பரா! பாய்லருக்கு ஏது நாடி?

"ஏட்டி, அது என் நாடியே இல்ல! தினம் ஓடி ஓடி மெதுவாப் போன ஆல்வின் நாடி!"

ஆல்வின் மின்விசிறியை ஆராய்ச்சி செய்தார். மாரிக்கனி போனைச் சாவகாசமாக மேசையில் வைத்தாள். காரும் சொல்லவில்லை, மகளும் கிளம்பவில்லை என்று அந்தச் சாவகாசத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"மொத நாளே தெரியும்."

"எப்படி?"

"நாப்பது வருஷமா குடும்பம் நடத்துதேன். நான் பக்கத்துல வந்து நின்னாலே உங்களுக்கு எண்பதத் தாண்டும். அம்பதாம்ல அம்பது!"

சொல்லிக்கொண்டே என் கையில் பட்டையைக் கட்டினாள். பிரஷர் நூற்று ஐம்பத்தெட்டு. நாடி தொண்ணூற்றாறு. தொலைந்த ஆட்டைக் கண்டுபிடித்தவள் மாதிரி சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மாவடு மாவடுதான்.

"ஆண்டாள் மேல வச்ச சத்தியம் என்னாச்சு?"

"அத மீறுவேனா?"

சாவி இடுப்பை விட்டு வந்தது. அலமாரி திறந்தது. ஜாடி இறங்கியது. மூடியைத் திறந்ததும் வந்த வாசத்தில் செண்பகத்தோப்புக் காக்காவே திரும்பி வந்திருக்கும்.

"ஏழு நாளும் நூத்தி முப்பதுக்குள்ள வந்த கை எது?" என்று கேட்டு, ஜாடியை ஆல்வின் கையில் கொடுத்தாள்.

ஆல்வின் என் தயிர்ச்சோற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.