புரோசார்ட்டில் ஒரு தவறணை

வாசகரே, இன்றைக்கு உங்களுக்கு நான் காட்டப்போவது மாப்காரர் என்னும் பிராணியை. பார்த்தால் பரம சாது. டோர்வல் விமானநிலையத்தில் பெட்டி ஏற்றுவார், கோயிலில் வரிசையில் நிற்பார். ஆனால் அவர் காரின் டிக்கியைத் திறந்து பாருங்கள்: மெட்டல் டிடெக்டர் ஒன்று, சின்ன மண்வெட்டி ஒன்று, நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய மொன்றியால் வரைபடம், அதாவது மாப், ஒன்று, அதுவும் மழை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்குக்கூட அந்த உறை கிடைக்கவில்லை.

இவருடைய சாத்திரம் சுலபமானது. இன்றைக்கு வெறும் புல்லாகக் கிடக்கிற இடத்தில் பழைய மாப் ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்டினால், அங்கே கட்டடம் இருந்திருக்கிறது. கட்டடம் இருந்தால் ஆட்கள் இருந்திருப்பார்கள், ஆட்கள் இருந்தால் சில்லறை விழுந்திருக்கும். தவறணை, அதாவது சாராயக்கடை என்றால் இன்னும் விசேஷம். "குடிச்சவன் குனிஞ்சு பொறுக்குவானே?" என்று கேட்பார். என்ன பதில் சொல்வீர்கள்? ஐந்து வருசம் தோண்டியதில் கிடைத்தவை அரை லாடமும் ஒரு வாளி பியர் மூடியும்.

எங்கள் மகேந்திரராசா அண்ணை இந்த வகையில் முதல் தரம். போன் வழிகாட்டாமல் சொந்த வீட்டுக்குப் போகமாட்டார். உங்களுக்கு மட்டும் வழி சொல்லுவார்: "அந்தக் குதிரை லாயத்தடியிலை திரும்புங்கோ!" லாயம் எரிந்து நூறு வருசம்.

அவருடைய மகள் கஜந்தினியும் ஆற்றுக்கு அக்கரைப் புரோசார்ட்டில் இருக்கும் சிவநேசத்தின் மகன் பிருந்தனும் நாலு வருசமாக விருப்பம். பெரியவர்கள் சந்தித்துச் சரி சொல்வதுதான் மிச்சம். பிருந்தனின் தாய் ராகுகாலத்தில் பிரிட்ஜைக்கூடத் திறக்காத ஆள். அந்த வீட்டுக்குப் போக நாள் குறித்தாயிற்று. முதல்நாள் அண்ணை சும்மா இருக்காமல் அவர்களின் விலாசத்தை மாப்பில் தேடினார். கறுப்புச் சதுரம்! பக்கத்தில் பொடியெழுத்தில்: தவறணை!

"ஐயோ, அங்கை மட்டும் வேண்டாமப்பா. பிள்ளையின்ரை வாழ்க்கை!" என்று மனுசி கெஞ்சினா.

"நான் சும்மா பாக்கத்தானே போறன்."

சும்மா பார்க்கிறவருக்கு மண்வெட்டி எதற்கு?

வடையும் தேத்தண்ணியும் வந்தன. "கை கழுவிட்டு வாறன்" என்று எழும்பிய அண்ணை காருக்குப் போய், அங்கிருந்து வீட்டைச் சுற்றின வளவுக்குள் போய்விட்டார். வடகிழக்கு மூலையில் கருவி கத்தியது. ஒரு முழம் தோண்டினார். பச்சை பிடித்த செம்புத் தகடு, கட்டம் கட்டமாகக் கீறல், நடுவில் அழிந்த எழுத்து. பட்டு வேட்டி முழுக்கச் சேறோடு ஹோலுக்குள் ஓடிவந்தார்.

"கிடைச்சிட்டுது! தவறணையின்ரை பேர்ப்பலகை!"

அடேயப்பா! ஈசான மூலையில் செம்பு கிடந்தால் அது என்னவென்று எங்கட ஆக்களில் யாருக்குத் தெரியாது? புதுவீட்டுக் குடிபூரலன்று ஐயர் மந்திரம் சொல்லி மண்ணுக்குள் தாட்ட காவல் தகடு. அண்ணையின் வீட்டிலும் அதே மூலையில் அதே ஐயர் தாட்ட தகடு கிடக்கிறது. பழைய மாப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியவில்லை.

"வீட்டுக் காவலைக் கிளப்பின மனிசரோடை சம்மந்தமோ? சரிவராது!" என்றா பிருந்தனின் தாய். கஜந்தினி அழத் தொடங்கினாள்.

சிவநேசம் ஐயருக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்க வைத்தார்.

"கிளப்பினது ஆர்? வெளியாளெண்டால் பெரிய தோஷம். சொந்தக்காரரெண்டால் பயமில்லை, அவரைக் கொண்டே திருப்பித் தாட்டுவிடலாம்" என்றார் ஐயர்.

பிருந்தனின் தாய் தகட்டைப் பார்த்தா, அண்ணையின் வேட்டியைப் பார்த்தா, கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டா, பிறகு வாய் திறந்தா:

"அண்ணை, தேத்தண்ணி ஆறுது. இருங்கோ சம்மந்தி."

ஆவணியில் கலியாணம். மெட்டல் டிடெக்டர் மண்டபத்துக்கு வரக்கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டாரின் ஒரே நிபந்தனை. ஆனால் சிவநேசம் போன கிழமை அண்ணையிடம் மெல்லக் கேட்டாராம்: "உந்த மாப்பிலை எங்கட தெருவிலை வேறை சதுரம் ஏதும் கிடக்கோ?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: கறுப்புச் சதுரம் என்று நான் சொன்ன உடனே, உங்கள் வளவில் முந்தி என்ன இருந்திருக்கும் என்று ஒருக்கால் நினைக்கவில்லையா? நினைத்தீர்கள். சரி, தோண்டுங்கள். அடுத்தவன் வீட்டு வடகிழக்கு மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். உங்களைச் சொந்தமாக்கிக் காப்பாற்ற எல்லா வீட்டிலும் ஒரு பிருந்தன் இருக்கமாட்டான்.