சமுத்திரம் இன்று எந்த ஊரில்?

ராஜபாளையம்
21.11.1999

பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் அக்கா மகன் சுந்தரபாண்டியனுக்கு, தாய்மாமன் சுயம்புலிங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை கருத்தம்மாளும் சுகம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டு, சுகமாக இருக்க ஆண்டாள் துணை இருப்பாள். இந்த வருஷம் மழை பரவாயில்லை. உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலை.

நம் வாசகசாலைக்கு லீவு நாளில் உட்கார்ந்து நீ செய்து கொடுத்த வெப்சைட்டுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அது எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். வெப்சைட்டில் என்ன போட வேண்டும் என்று போன வருஷம் நீ எங்கள் வாசகர் வட்டத்தைக் கேட்டாய். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீசும்தான். ஆகவே மேலே பிள்ளையார், அவருக்குக் கீழே வாசகசாலையை நிறுவிய மலைச்சாமி ஐயா, அப்புறம் தலைவர் வேல்சாமியின் போட்டோ, உபதலைவர்கள், புரவலர்கள், பீரோ கொடுத்தவர்கள், மின்விசிறி கொடுத்தவர்கள், அவர்களுடைய மாமன் மைத்துனர்கள், அத்தனை பேரையும் வரிசையாக எழுதி, யார் பெயர் யாருக்கு மேலே என்று மூன்று கூட்டம் சண்டை போட்டு, பின்னணியில் நாதஸ்வரமும் வேண்டும் என்று உனக்கு அனுப்பினோம். மாமன் சொல்லைத் தட்டக் கூடாது என்று நீயும் அப்படியே செய்தாய். வாசகசாலை திறக்கும் நேரம் எல்லாருக்கும் கீழே, 'தங்கள் வரவை நாடும்' என்பதற்கும் கீழே கிடந்தது.

திறப்பு விழாவைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சாகுல் ஹமீதின் எஸ்.டி.டி. பூத்தில் வைத்தோம். ஊரில் அப்போது இன்டர்நெட் வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மாலை, சந்தனம் எல்லாம் உண்டு. வேல்சாமி அண்ணாச்சியின் போட்டோ திரையில் மேலிருந்து கீழாக இறங்கியது. முதலில் தலைமுடி வந்தது. எல்லாரும் கை தட்டினோம். செத்த நேரம் கழித்து நெற்றி வந்தது. உன் அத்தை, "அண்ணாச்சி முழுசா வாரதுக்குள்ள நான் மார்க்கெட்டுக்குப் போயி காய் வாங்கிட்டு வந்துருதேன்" என்று கிளம்பிவிட்டாள். மீசை வரை வந்ததும் லைன் அறுந்தது. மறுபடி போட்டால் மறுபடி தலைமுடியிலிருந்து ஆரம்பம். சாயங்காலம் வரை உட்கார்ந்தும் அண்ணாச்சியின் வாயை யாரும் பார்க்கவில்லை. விழா இனிதே நிறைவுற்றது என்று நான் நன்றியுரை சொன்னேன்.

இந்த விஷயத்தில் எங்கள் கண்ணைத் திறந்தது செட்டியார்பட்டி மளிகைக் கடை அல்லா பிச்சையின் மகள் மெகராஜ் பேகம். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதுதான் கடைசித் தடவை, அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். பரீட்சைக்கான தடித்த புத்தகங்கள் நம் வாசகசாலையில்தான் உண்டு, வெளியே கொடுக்கவும் மாட்டோம். ராஜபாளையத்தில் ஒரு கட்டடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கட்டடம், இரண்டுக்கும் சேர்த்து நூலகர் சமுத்திரம் ஒருவரே. புத்தகங்களையும் அவர்தான் பையில் போட்டு இங்கேயும் அங்கேயும் தூக்கிக்கொண்டு அலைவார். எந்த நாளில் எந்த ஊர் என்பது எந்த பஸ் முதலில் வருகிறதோ அதைப் பொறுத்தது. ஒரு நாள் மெகராஜ் இங்கே வந்திருக்கிறாள், பூட்டு. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கிறாள். அவள் போய்ச் சேர்வதற்குள் சமுத்திரம் அங்கே பூட்டிவிட்டு இங்கே கிளம்பிவிட்டார். அவள் திரும்பி வருவதற்குள் இங்கேயும் பூட்டியாகிவிட்டது, நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, துபாயில எங்க அண்ணன் ஆபீஸ்ல ஒங்க வெப்சைட்டைப் பாத்தானாம். தமிழ் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா வருதாம், மீசை மட்டும் நல்லாத் தெரியுதாம். அவிய மீசை எம்புட்டு அழகுன்னு பாக்கவா அவன் அங்க உக்காந்துருக்கான்? சமுத்திரம் சார் இன்னைக்கி எந்த ஊருல இருக்காவ? அதைப் போடுங்க, போதும்" என்றாள். குரலில் கோபம் இருந்தது, கண்ணில் தண்ணீர் இருந்தது.

அன்று உனக்குப் போன் போட்டு, மெகராஜ் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "மாமா, பூட்டின கதவுக்கு முன்னால நிக்கிறவுகளுக்கு என்ன தெரியணும்?" அதற்கு நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்குத் திறக்குமா, எந்த ஊரில், எத்தனை மணி வரை, நான் தேடும் புத்தகம் பையில் இருக்கிறதா. அவ்வளவுதானே. மறுவாரமே பிள்ளையார் முதல் மின்விசிறி வரை எல்லாரையும் இறக்கிவிட்டாய். நாதஸ்வரம் நின்றது. ஊருக்கு ஒரு விளக்காக இரண்டு விளக்குப் படம், திறந்திருக்கும் ஊருக்குப் பச்சை, பூட்டிய ஊருக்குச் சிவப்பு, எழுத்து பூச்சியாக வந்தாலும் பச்சை பச்சைதான். விளக்கை மாற்றுவது எப்படி என்று சாகுல் ஹமீதுக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்தாய். பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது. வேல்சாமி அண்ணாச்சி மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். தெருவில் எதிரே வந்தால் முழு முகத்தையும் திருப்பிக்கொள்கிறார்.

சரி, செட்டியார்பட்டியில் இன்டர்நெட்டுக்கு எங்கே போவது? சாகுலுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால், அவர் லைன் எந்நேரமும் இன்டர்நெட்டில் மாட்டிக் கிடக்கும். அதனால் மெகராஜின் அண்ணன் மைதீன் பிச்சை துபாயில் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக வெப்சைட்டைத் திறப்பான். இங்கே பச்சை என்றால் அப்பா கடைப் போனில் ஒரு மணி அடித்து வைத்துவிடுவான். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் இரண்டு மணி. இரண்டும் சிவப்பு என்றால் அடிக்க மாட்டான். எடுக்காத போனுக்குச் செலவு கிடையாது பார். ராஜபாளையத்துப் பூட்டு நிலவரம் கடல் தாண்டிப் போய் செட்டியார்பட்டிக்குத் திரும்பி வந்தது. காலையில் போன் அடித்தால் யாரும் தொடக் கூடாது என்று அல்லா பிச்சை உத்தரவு போட்டுவிட்டார். விருதுநகர் பருப்பு வியாபாரி அடித்து அடித்து ஓய்ந்து சரக்கை வேறு கடைக்கு அனுப்பிவிட்டார். ஒரு நாள் அவர் ஒரு மணியோடு வைத்துவிட, மெகராஜ் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனாள். போகப் போக அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும், கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் போகிறவர்களும் காலையில் கடை முன்னால் நின்று மணியைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

உனக்கே தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். இதில் மெய்யாகவே திருந்தியது சமுத்திரம்தான். முன்பெல்லாம் பஸ் பார்த்து ஊரை முடிவு செய்தவர், இப்போது காலையில் சாகுல் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு நாள் நல்ல மழை, இங்கேயே இருந்துவிடுங்களேன் என்றேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்னு போட்டாச்சே அண்ணாச்சி. துபாயில ஒருத்தன் பாத்துருப்பான். பொறவு நான் எப்படி இங்க இருக்க?" என்று நனைந்துகொண்டே பஸ் ஏறினார். அந்த மழையில் அங்கே கதவு திறந்தபோது வாசலில் மெகராஜ் நின்றிருந்தாளாம்.

மெகராஜ் தேறிவிட்டாள், சுந்தரபாண்டியா. போன வாரம் உத்தரவு வந்தது, தாலுகா ஆபீசில் வேலை. அல்லா பிச்சை என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதார். நானும் அழுதுவிட்டேன், வயதாகிறது அல்லவா. அந்த நன்றியெல்லாம் உனக்குச் சேர வேண்டியது, நான் தபாலில் சேர்க்கிறேன். இன்னொரு நல்ல செய்தி: வாசலில் கூடும் கூட்டத்தைப் பார்த்து நிர்வாகம் இரண்டாவது நூலகரைப் போட்டுவிட்டது. இனி இரண்டு ஊரிலும் தினமும் திறந்திருக்கும், இரண்டும் பச்சை. உன் வெப்சைட் தன் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டது. இனி அதில் யாரும் கை வைக்க வேண்டாம், பொய் இல்லாமல் சுருக்கமாக அப்படியே இருக்கட்டும்.

கண் கெடாமல், கை நோகாமல், நல்ல இடத்தில் பெண் அமைந்து, பதினாறும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். அத்தை உனக்கு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். வரும்போது வாங்கிக்கொள்.

உன் நலம் நாடும் மாமன்,
சுயம்புலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் மெகராஜின் தாயார் அசீனா வந்துவிட்டுப் போனார். "அண்ணே, இப்ப ரெண்டு ஊருலயும் தொறந்துருக்குன்னு மைதீன் மணி அடிக்கிறதை நிப்பாட்டிட்டான். முந்தி எப்பவாச்சும் ஒரு கடுதாசிதான் போடுவான். இந்த மணி வந்த பொறவு தெனமும் காலையில, நம்ம புள்ள எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டான், நல்லா இருக்கான்னு தெரிஞ்சுச்சு. நான் போனைத் தொட்டதுகூட இல்ல. இப்ப காலையில சும்மா அதையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன்" என்றார். ஆகவே மேலே எழுதியதைப் பொருட்படுத்தாதே. விளக்குகளை முன்போலவே மாற்றி மாற்றிப் போடச் சாகுலிடம் சொல்லிவிடு, மைதீன் மணி அடிக்கட்டும், இரண்டையும் ஒரு நாளும் சிவப்பாக்க வேண்டாம். சமுத்திரம் எந்த ஊரில் இருந்தால் நமக்கென்ன.